பார்ட்ஸ் கிடைக்குமா, அண்ணாச்சி?

புதிதாக பிளேனர் வாங்கப் போகிற ஆசாரிமார் என் கடையில் நின்று கேட்கிற முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி நல்லாருக்கும், அண்ணாச்சி?" இரண்டாவது, எத்தனை வாட்ஸ். மூன்றாவது, விலை. பதிலுக்கு நான் ஒன்றுதான் கேட்பேன்: "அதுக்கு கார்பன் எங்கே வாங்குவீங்க?" பாதிப் பேர் முழிப்பார்கள். மோட்டாருக்குள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, சுற்றுகிற செம்பை உரசி உரசித் தேய்கிற கருப்புக் கட்டிதான் கார்பன். சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். மெஷின் விலையோடு பார்த்தால் அது ஒரு விலையே இல்லை. ஆனால் அது தீர்ந்த அன்றைக்கு மெஷின் நிற்கும். அந்த அளவுக் கார்பன் ஊரில் கிடைக்காவிட்டால் நின்றது நின்றதுதான்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே வன்னியம்பட்டி விலக்கில் பவர் டூல் ரிப்பேர் பார்க்கிறேன். கொல்லம்–திருமங்கலம் ரோடு பக்கத்திலேயே போகிறது. செங்கோட்டைப் பக்கத்து மர டிப்போக்களில் இருந்து தடியும் அறுத்த சட்டமும் ஏற்றிய லாரிகள் இந்த வழியாக வடக்கே போகும். மரம் போகிற ரோட்டில் மரவேலைக் கருவிக்குக் கடை போட்டது யோசித்துச் செய்ததல்ல; வாடகை குறைவு, அவ்வளவுதான். சேத்தூர், சத்திரப்பட்டி, வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் என்று நாலா பக்கமிருந்தும் ஆசாரிமார் வருவார்கள். பஸ்ஸில் வருகிறவர் மஞ்சப்பையிலும், பைக்கில் வருகிறவர் டேங்க் மேலே வைத்தும் பிளேனரையும் கட்டரையும் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

கடை போடுவதற்கு முன்னால் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் இருந்தேன். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதில் இருந்து இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மில்தான் தொழிற்பள்ளி. அங்கே எனக்குப் பாடம் சொன்ன இடம் ஒர்க்‌ஷாப்பை விட ஸ்டோர்ஸ்தான். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர், ஒரு தட்டு, தட்டில் தொங்குகிற ஒரு கார்டு. இருப்பு இத்தனைக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே ஆர்டர் போக வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கு அடுத்துப் போட வேண்டிய பேரிங் தட்டில் காத்திருக்கும். ஷிஃப்ட் நிற்கக் கூடாது என்பதற்காக வந்த ஒழுங்கு அது. ஆசாரியின் வேலையிலும் ஷிஃப்ட் இருக்கிறது. நிலைவாசல் வைக்க நாள் குறித்துவிட்ட வீட்டுக்காரர்தான் அங்கே சூப்பர்வைசர். ஸ்டோர்ஸ் மட்டும் கிடையாது.

கையில் பிடித்து வேலை செய்கிற கருவிக்கு ஏன் கார்பன் வேண்டும், நம் பம்ப்செட் மோட்டாருக்கு ஏன் வேண்டாம் என்று கேட்பவர்கள் உண்டு. பம்ப்செட்டில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். உள்ளே சுற்றுகிற பாகத்துக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டியதில்லை; உரசுகிற சாமானே இல்லை. கோயம்புத்தூரில் 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து நமக்குப் பழகிய வகை அது. ஆனால் நம் 50 சைக்கிள் கரண்டில் அது எவ்வளவு முயன்றாலும் நிமிஷத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டாது. பிளேனருக்கு 16,000 வேண்டும். டிரிம்மருக்கு 30,000 வரை வேண்டும். அந்த வேகமும் வேண்டும், கையில் தூக்குகிற எடையும் வேண்டும் என்றால் கார்பன் போட்ட யுனிவர்சல் மோட்டார்தான் வழி. 1895-ல் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் கம்பெனி முதல் எலெக்ட்ரிக் கை டிரில்லைச் செய்தது முதல் இன்றுவரை, ஒயர் உள்ள கருவிகளின் குடும்பம் பெரும்பாலும் கார்பனோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. தேய்வது அதன் குறை அல்ல. தேயத்தான் அதை வைத்திருக்கிறார்கள், செம்பு தேயாமல் இருக்க.

ஒரு பிளேனர் மேஜைக்கு வந்தால் நான் முதலில் சுவிட்சை அழுத்துவதில்லை. மூக்கருகே கொண்டுபோவேன். வார்னிஷ் கருகிய வாடை இருந்தால் பேச்சு வேறு. இல்லாவிட்டால் பாதி நிம்மதி. அடுத்து இரண்டு பக்க மூடியையும் திருகிக் கார்பனை எடுப்பேன். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று நீளமாகவும் ஒன்று கட்டையாகவும் இருந்தால் ஒரு பக்க ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருக்கிறது, அல்லது ஹோல்டருக்குள் தூசி அடைத்துக் கார்பன் இறங்காமல் நிற்கிறது. பிறகு அந்தத் துளை வழியே டார்ச் அடித்து, கார்பன் உரசுகிற செம்புப் பட்டைகளின் வளையமான கம்யூட்டேட்டரைப் பார்ப்பேன். சுற்றிலும் ஒரே சீராகக் காப்பி நிறத்தில் மினுங்கினால் ஆரோக்கியம். செம்பு பளபளவென்று கோடு கோடாகத் தெரிந்தால் யாரோ கடினமான கார்பனைப் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு பட்டை மட்டும் ஓரம் கருகியிருந்தால் அந்தப் பட்டைக்கு வருகிற கம்பி விட்டுப் போயிருக்கிறது. எத்தனை கார்பன் மாற்றினாலும் அது பொறி பறக்கத்தான் செய்யும்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஷாஃப்டை இரண்டு விரலால் மெதுவாகச் சுற்றுவேன். நல்ல பேரிங் விரலுக்குச் சேதி எதுவும் சொல்லாது. கெட்டது மணலை நெருடுகிற மாதிரி சொல்லும். பின்பக்கத்தில் பெரும்பாலும் 607 அல்லது 608. இந்த நம்பர்கள்தான் இந்தத் தொழிலின் பெரிய கொடை. 608 என்றால் உள் துளை 8 மில்லிமீட்டர், வெளி வட்டம் 22, கனம் 7. ஜப்பான்காரன் செய்தாலும் ஜெர்மன்காரன் செய்தாலும் அதே அளவு. எந்தக் கம்பெனி மூடிப்போனாலும் 608 கிடைக்கும். எல்லாப் பாகமும் இப்படி இருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுத வேலை இல்லை.

கார்பனில்தான் அட்டூழியம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு, ஒரே கம்பெனியில் மாடலுக்கு ஒரு அளவு. அளவு கிடைக்காவிட்டால் பெரிய கார்பனை வாங்கி உப்புத்தாளில் தேய்த்து உள்ளே நுழைத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். நுழையும், ஓடும். ஆனால் கார்பனில் கிரேடு என்று ஒன்று உண்டு. கிரைண்டருக்கான கட்டி வேறு பதம், ஸ்கூட்டர் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கான கட்டி வேறு பதம். பின்னதில் செம்புப் பொடி கலந்திருக்கும். அதைத் தேய்த்து 230 வோல்ட் பிளேனரில் போட்டால் கம்யூட்டேட்டரைத் தின்றுவிடும். அசலில் கட்டிக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் வைத்த ரகமும் இருக்கிறது. தேய்ந்து அளவு குறைந்ததும் உள்ளிருந்து ஒரு முனை வெளியே தள்ளி, கட்டியைச் செம்பை விட்டுத் தூக்கிவிடும். மெஷின் தானாக நின்றுவிடும். "திடீர்னு செத்துப் போச்சு அண்ணாச்சி" என்று வருகிற மெஷின்களில் கணிசமானவை இந்த வகை. சாகவில்லை, கார்பன் தன் கடமையைச் செய்திருக்கிறது. ஜோடி மாற்றிக் கொடுத்தால் ஆசாரி என்னை வைத்தியர் மாதிரி பார்ப்பார். நான் திருத்துவதில்லை.

மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சர் எரிந்தால்தான் உண்மையான தலைவலி. இந்தப் பக்கம் கிணறும் போரும் அதிகம் என்பதால் வைண்டிங் கடைக்குப் பஞ்சமில்லை. பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் பிளேனர் ஆர்மேச்சரைக் கட்டிக் கொடுத்தால் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடும், பெரும்பாலும் பேரிங் போய். காரணம் கம்பி இல்லை, எடை. தொழிற்சாலையில் ஆர்மேச்சரைக் கட்டி, கம்பி நுனிகளைச் சூட்டில் அழுத்திப் பட்டையோடு ஒட்டி, வார்னிஷ் சொட்டவிட்டு இறுக வைத்து, கம்யூட்டேட்டரைக் கடைந்து, கடைசியாகச் சுற்றவிட்டு எடைப் பிசகு பார்ப்பார்கள். எந்தப் பக்கம் கனமோ அங்கே இரும்பைக் கொஞ்சம் செதுக்கி எடுப்பார்கள். ஒரு நல்ல ஆர்மேச்சரை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தச் செதுக்கல் தெரியும். எடைப் பிசகின் உதை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 1,440 சுற்று பம்ப் மோட்டாரில் கண்டுகொள்ளாமல் விடுகிற பிசகு, 16,000 சுற்றில் நூறு மடங்குக்கு மேல் உதைக்கும். அதைத் தாங்குவது அந்தச் சின்ன 608.

இன்னொன்றும் இருக்கிறது, இது பயப்பட வேண்டிய விஷயம். இந்தக் கருவிகளின் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் ஒன்று போட்டிருக்கும். இரட்டை இன்சுலேஷன் என்று பொருள். அதனால்தான் ஒயரில் எர்த் இருக்காது, இரண்டே கம்பி. எர்த்துக்குப் பதிலாக ஷாஃப்டுக்கும் இரும்புத் தகடுகளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் உறை பாதுகாப்பாக நிற்கிறது. ஆர்மேச்சர் எரியும்போது அந்த உறையும் வெந்திருக்கலாம். புதுக் காயில் கட்டினாலும் உறை புதிதாகாது. எனவே ஆர்மேச்சர் புதிதாகக் கிடைக்கிற மாடலுக்கு நான் வைண்டிங் செய்து கொடுப்பதில்லை. காசு கூட ஆகும் என்று முறுக்கிக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.

கிடைக்கிற மாடல் எது என்பதில்தான் நான் இத்தனை காலம் பார்த்த ஒரு வேடிக்கை இருக்கிறது. எந்தக் கருவியை ஊரெல்லாம் காப்பி அடித்தார்களோ அதற்குத்தான் ஆயுள் கெட்டி. மகிட்டாவின் 82 மில்லிமீட்டர் 1900பி பிளேனரையும், ஹிட்டாச்சியின் சிஎம்4 மார்பிள் கட்டரையும் அச்சு அசலாகப் பார்த்துச் செய்த கருவிகள் வேறு வேறு பெயரில் எத்தனையோ வந்தன. ஹிட்டாச்சி பவர் டூல் என்ற பெயரே 2018-ல் போய் ஹைகோகி ஆகிவிட்டது. "சிஎம்4 ஆர்மேச்சர்" என்று கேட்டால் இன்றும் மதுரையில் எடுத்துக் கொடுப்பார்கள். பெயர் மாறியது, அளவு மாறவில்லை. காப்பி அடித்தவனுக்கு அசலின் பெல்ட்டும் பிளேடும் பொருந்துகிறது. அசல் வைத்திருப்பவருக்கு அவசரத்துக்கு காப்பியின் சுவிட்ச் பொருந்துகிறது. காப்பிரைட் நியாயம் பேசுகிறவர்கள் கோபப்படலாம். வேலை நடுவில் நிற்கிற ஆசாரி கோபப்படமாட்டார். புதிதாக யோசித்து, யாரும் செய்யாத வடிவத்தில், தனக்கே உரிய அளவுகளோடு வருகிற அழகான மெஷினைக் கண்டால் எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம்.

மார்பிள் கட்டர் என்றேனே, அதைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கல் அறுக்க வந்த கருவி நம் ஊரில் மரம் அறுக்கும் ரம்பமாகிவிட்டது. கையில் பிடிக்கிற வட்ட ரம்பம் விலை கூட, எடை கூட. 4 அங்குல கட்டரில் மரத்துக்கான பல் பிளேடு மாட்டினால் முக்கால் அங்குல பிளைவுட்டைத் தாராளமாக அறுக்கலாம். ஆனால் மர ரம்பத்தில் பிளேடின் அடிப்பக்கத்தைத் தானாக வந்து மூடுகிற ஸ்பிரிங் கார்டு இருக்கும். கட்டரில் அது கிடையாது. நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிற பிளேடு, சுவிட்சை விட்ட பிறகும் திறந்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தொடைமேல் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இருக்கிற மேல் கார்டையும் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டு வருபவர்களுக்கு நான் ஸ்பேனரே எடுப்பதில்லை. மோட்டார் பக்கத்திலும் ஒரு கேடு நடக்கிறது: பிளைவுட், எம்.டி.எஃப். மாவுத் தூசி காற்றுத் துளை வழியே உள்ளே போய், கியர் பக்கத்தில் கசிகிற கிரீஸோடு குழைந்து, ஆர்மேச்சரைச் சுற்றி நிற்கிற ஃபீல்டு காயில்மேல் போர்வையாகப் படுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை புளோயர் அடித்தால் போதும். அடிக்கமாட்டார்கள்.

சர்வீஸ் சென்டர்களைக் குறை சொல்வது சுலபம். அங்கே இருக்கிற பையன்கள் நல்ல வேலைக்காரர்கள். அவர்கள் கையில் பார்ட்ஸ் இல்லை என்பதுதான் விஷயம். வத்திராயிருப்பு ஆசாரி ஒருவர், கம்பெனி பெயர் வேண்டாம், சுவிட்ச் போன ஒரு ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனார். "அந்த மாடல் நிறுத்தியாச்சு சார், புதுசு எடுத்தா எக்ஸ்சேஞ்ச் தர்றோம்" என்றார்களாம். போக வர பஸ், ஒரு நாள் சம்பளம், கையில் பழைய ரவுட்டர். மோட்டார் பிரமாதமாக இருந்தது. வெளியே பெட்டி வைத்து, சாதாரண சுவிட்ச் ஒன்றை ஒயரிலேயே போட்டுக் கொடுத்தேன். ஓடுகிறது. ஆனால் அது ரிப்பேர் இல்லை, சமாளிப்பு. விரலை எடுத்தால் நிற்க வேண்டிய மெஷின் இப்போது விரலை எடுத்தாலும் ஓடும்.

ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறது என்பதை நான் அதன் பார்ட்ஸ் டிராயிங்கில் பார்ப்பேன். மெஷினை ஸ்குரூ ஸ்குரூவாகப் பிரித்து, ஒரே கோட்டில் இழுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்த படம். வாஷருக்குக்கூட நம்பர் இருந்தால் இந்த மெஷினை ஒருநாள் யாரோ திறப்பார்கள் என்று யோசித்தே செய்திருக்கிறார்கள். "ஹவுசிங் அசெம்பிளி" என்று பத்துச் சாமானை ஒரே நம்பரில் கட்டியிருந்தால் ஒரு பிளாஸ்டிக் கொக்கி உடைந்ததற்குப் பாதி மெஷினை வாங்க வேண்டும். மெஷினைத் திறந்து பார்க்கிற வேலையிலேயே தொடங்கிய கம்பெனியும் உண்டு. மகிட்டா 1915-ல் நாகோயாவில் ஆரம்பித்தபோது கருவி செய்கிற கம்பெனியே இல்லை. மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் விற்று ரிப்பேர் பார்த்த கடை. ஜப்பானின் முதல் எலெக்ட்ரிக் பிளேனரை அவர்கள் செய்தது 1958-ல்.  ரிப்பேர்க்காரன் என்கிற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. சம்பந்தமில்லாத பெருமைதான், இருக்கட்டும்.

பழைய அளவை விடாத கம்பெனியும் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஷாப்ஸ்மித் என்று ஒரு மெஷின். 1947-ல் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே மோட்டாரில் ரம்பம், கடைசல், துளை போடுதல், சாண்டிங் எல்லாம் செய்யலாம். வீட்டில் மரவேலை செய்கிறவர்களுக்கானது. அறுபதுகளில் உற்பத்தி நின்று போனது. டேட்டன் நகரத்து ஜான் ஃபோல்கர்த் 1972-ல் அந்தத் தொழிலை வாங்கி மறுபடி ஓடவைத்தார். அவர் செய்த புத்திசாலித்தனம், பழைய அளவுகளை மாற்றாமல் விட்டது. ஐம்பதுகளில் வாங்கிய மார்க் 5 மெஷினில் பிற்காலத்து மோட்டார் தலைப்பைத் தூக்கி மாட்ட முடிகிறது. புது மாடல் விற்க வேண்டும் என்றால் பழைய மாடலைச் சாகடிக்க வேண்டும் என்று நினைக்கிற கம்பெனிக்காரர்களுக்கு இந்தக் கதையை யாராவது சொல்லலாம்.

அவ்வளவு தூரம் போவானேன், சத்திரப்பட்டிக்குப் போனால் போதும். பேண்டேஜ் துணி நெய்கிற பவர்லூம்கள் அங்கே தெருவுக்குத் தெரு தடதடக்கின்றன. தறி எவ்வளவு பழசு என்று கேட்டால் சிரிப்பார்கள். பிக்கர் போனால் கடையில் பிக்கர், நாடா போனால் நாடா, பல்சக்கரம் உடைந்தால் வார்த்துக் கொடுக்க ஆள். தறியைச் செய்தவன் இல்லாவிட்டாலும் தறி ஓடும். மரவேலையில் அதற்குச் சமமானது பட்டறைகளில் நிற்கிற இரும்பு ரந்தா மெஷின்தான்: கோயம்புத்தூர் இண்டக்‌ஷன் மோட்டார், எங்கும் கிடைக்கிற வி-பெல்ட், 6205 பேரிங். அதைச் சுமந்து மாடிக்கு ஏற முடியாது என்பது ஒன்றே குறை.

இப்போது வருகிறதெல்லாம் பேட்டரி மெஷின். குறை சொல்ல மாட்டேன். ஏணிமேல் நின்று ஸ்குரூ முடுக்க அதைவிட நல்லது இல்லை. பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பன் தொல்லையும் கிடையாது. பதிலுக்கு ஒரு சர்க்யூட் போர்டு வந்து உட்கார்ந்திருக்கிறது, அதைப் பசை ஊற்றி மூடியிருக்கிறார்கள். போனால் முழு போர்டையும் மாற்ற வேண்டும். பேட்டரியில் எழுதியிருப்பதை நம்பவும் வேண்டாம். 18 வோல்ட் என்றாலும் 21 வோல்ட் என்றாலும் உள்ளே வரிசையில் ஐந்து செல்தான். ஒரு செல் 3.6 என்று கணக்கிட்டால் 18, முழு சார்ஜில் 4.2 என்று கணக்கிட்டால் 21. "88 விஎஃப்" என்று எழுதிய டிரில்லைப் பெருமையாக எடுத்து வந்த தம்பிக்கு மீட்டர் வைத்துக் காட்டினேன்: இருபது சொச்சம். "மீட்டர் சரியா இருக்கா அண்ணே?" என்றான். அந்த ரகத்திலும் உருப்படியான விஷயம் ஒன்று உண்டு. அவற்றில் பலவற்றுக்கு மகிட்டா 18 வோல்ட் பேட்டரியின் வாயையே வைத்திருக்கிறார்கள். மெஷின் போனாலும் பேட்டரி அடுத்த மெஷினுக்கு ஆகும். மறுபடியும் காப்பி காப்பாற்றுகிறது.

கருவி வாங்க அரசு உதவியும் வந்திருக்கிறது. 2023-ல் தொடங்கிய மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் கருவிப் பெட்டிக்கு 15,000 ரூபாய். அதில் தமிழ்நாடு சேரவில்லை. 2025-ல் நம் மாநிலம் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் 3 லட்சம் வரை கடன், நூற்றுக்கு 25 மானியம், உச்சம் 50,000. விண்ணப்பத்தோடு வைக்கக் கடையில் கொட்டேஷன் வாங்கி என்னிடம் காட்டிவிட்டுப் போகிற ஆசாரிமார் உண்டு. கட்டர், பிளேனர், ரவுட்டர், டிரில், கம்ப்ரசர் என்று வரிசையாக இருக்கும். பார்ட்ஸ் என்று ஒரு வரி இருக்காது. ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு ஜோடி கார்பன், பிளேனருக்கு ஒரு பெல்ட், எல்லாவற்றுக்கும் தலா ஒரு சுவிட்ச், பார்ட் நம்பரோடு அதே கொட்டேஷனில் சேர்த்து எழுதி வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். கடைக்காரர் முனகுவாராம். நம்பர் தேடுவதற்கு அவர் கம்பெனிக்குப் போன் போட வேண்டும். போடட்டும். நம்பர் கிடைக்காத மெஷினை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.